எட்டிப் பார்க்கும் தலை: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டைகளில் தலை, கழுத்துக் காயங்கள்

தொழிற்சாலையில் கை அடிபடும் விதம் வேறு, தலை அடிபடும் விதம் வேறு. கை பெரும்பாலும் வேலை நடக்கும் இடத்திலேயே அடிபடுகிறது. பிரஸ்ஸின் மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவே தகட்டைச் செருகும் விரல், ஓடும் ரோலரைத் துணியால் துடைக்கும் விரல் என்று இடத்தைச் சுட்டிக் காட்டிவிடலாம். தலையும் கழுத்தும் அப்படியல்ல. மெஷின் நின்றுபோய் ‘என்ன ஆச்சு’ என்று உள்ளே எட்டிப் பார்க்கும்போது, தொங்கும் பாரத்துக்குக் கீழே குறுக்குவழியாக நடக்கும்போது, டிரெய்லரின் மேல்தட்டில் ஏறிக் கட்டு அவிழ்க்கும்போது அவை அடிபடுகின்றன. உற்பத்திக் கணக்கில் வராத நேரங்கள் இவை. கை செய்யப் போய் மாட்டுகிறது. தலை பார்க்கப் போய் மாட்டுகிறது. இதைக் கவனிக்காமல், தலைக்காயம் என்றதும் ஹெல்மெட்டை மட்டும் பேசுவது வழக்கமாகிவிட்டது.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று நீண்டு, தெற்கே வல்லம் வடகால் வழியாக ஒரகடம் வரை பரவியிருப்பவை சிப்காட் வளாகங்கள். ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவின் செல்பேசி ஆலை இயங்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிஸான் கார் ஆலையும், 2012இல் டைம்லரின் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டும் வந்தன. பெயர் தெரிந்த ஒவ்வோர் ஆலைக்கும் பின்னால் தகடு அழுத்தித் தருபவர்கள், பெயின்ட் அடித்துத் தருபவர்கள், பெட்டி கட்டித் தருபவர்கள் என்று வெண்டார் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. இவற்றுக்கு இடையில் கன்டெய்னர் யார்டுகள், ஸ்டீல் காயில் கிடங்குகள், லாரி நிறுத்தங்கள், டயர்க் கடைகள், இன்னும் கட்டி முடியாத ஷெட்டுகள். விபத்து என்றால் ஆலைக்குள் நடப்பது என்று நினைப்பவர்கள் இந்த இடைவெளிகளை மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பகுதியில் நடந்த கழுத்துக் காயங்களில் அதிகம் பேசப்பட்டது நோக்கியா ஆலையில் நடந்தது. 2010 அக்டோபர் 31 அன்று, சர்க்யூட் பலகைகளை வரிசையில் ஏற்றும் இயந்திரத்தில் ஏற்பட்ட தடங்கலைச் சரிசெய்யப் போன இளம்பெண் தொழிலாளி ஒருவரின் கழுத்து அதில் அகப்பட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் அவர் பிழைக்கவில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். இயந்திரத்தை உடைத்து அவரை உடனே மீட்காமல் நேரம் கடத்தப்பட்டது என்று உடன் வேலை பார்த்தவர்கள் அப்போது குற்றம்சாட்டினார்கள். 2014 நவம்பரில் அந்த ஆலையே உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

மின்னணு ஆலை என்றால் ‘லைட்டான வேலை’ என்றொரு எண்ணம் உண்டு. குளிரூட்டிய கூடம், வெள்ளைக் கோட்டு, பளபளக்கும் தரை. அங்கே யாரும் ஹெல்மெட் போடுவதில்லை, போடவும் தேவையில்லை. ஆனால் பலகை ஏற்றும் இயந்திரம் உள்ளுக்குள் ஒரு சிறிய லிஃப்ட். பலகைகள் அடுக்கிய கூண்டைப் படிப்படியாக உயர்த்தியும் தாழ்த்தியும், ஒவ்வொன்றாக வரிசைக்குத் தள்ளும். ஒரு பலகை சாய்ந்து மாட்டிக்கொண்டால் சென்சார் அதைக் கண்டு இயக்கத்தை நிறுத்தும். பலகை விலகியதும் இயக்கம் மீண்டும் தொடங்கும். இத்தகைய இயந்திரம் நின்றிருப்பதில்லை, காத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மாட்டியதை எடுத்துவிட்ட அந்த நொடியில்தான் அது நகரும். மாட்டியது எங்கே என்று தெரிய வேண்டுமானால் கண்ணைக் கொண்டுபோக வேண்டும். கண் போனால் தலை போயாக வேண்டும்.

ரோபோவால் மனிதர் இறந்ததாகப் பதிவான முதல் நிகழ்வும் இதே வகைதான். 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் வார்ப்பாலையில், பாகங்களை எடுத்துத் தரும் ரோபோ சரியாக வேலை செய்யாததால், 25 வயதுத் தொழிலாளி ஒருவர் தானே அடுக்கின்மேல் ஏறி எடுக்கப் போனார். ரோபோவின் கை அவர் தலையில் அடித்தது. 

இதற்கான மருந்து புதிதல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு அபாயமான பாகங்களை வேலியிட்டு மூடச் சொன்னது. 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தின் அருகே யார், எந்த உடையில், எந்த நிபந்தனையில் வேலை செய்யலாம் என்று வரையறுத்தது. இன்றைய ஆலைகளில் வேலிக் கதவைத் திறந்தாலே இயக்கத்தை அறுக்கும் இன்டர்லாக் உண்டு. கை நீட்டினால் நிறுத்தும் லைட் கர்டன் உண்டு. பழுது பார்ப்பவர் மின்விசையை அணைத்து, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போகும் ‘லோட்டோ’ முறையும் உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கொள்ள முடியாது. குழாயில் காற்றழுத்தம் மிஞ்சியிருக்கும். தூக்கி நிற்கும் கூண்டு தன் எடையாலேயே இறங்கும். அழுத்தத்தை வெளியேற்றி, கூண்டுக்குக் கீழே முட்டுக் கொடுத்த பிறகே தலையை உள்ளே விடலாம்.

இவ்வளவும் செய்யச் சில நிமிடங்கள் ஆகும். லைன் ஓடுவதோ நொடிக் கணக்கில். ஒரு ஷிஃப்டில் பலமுறை மாட்டும் மெஷினுக்கு ஒவ்வொரு முறையும் பூட்டுப் போட்டால் டார்கெட் வராது என்பது ஆபரேட்டருக்கும் தெரியும், லைன் லீடருக்கும் தெரியும். அதனால்தான் கதவு திறந்திருந்தாலும் மூடியதாகக் காட்ட, உதிரி நாக்கைச் சுவிட்சில் செருகி வைக்கும் பழக்கமும், சென்சார்மேல் காந்தம் ஒட்டிவைக்கும் பழக்கமும் உருவாகின்றன. இதைத் தொழிலாளியின் அலட்சியம் என்று எழுதிவைப்பது எளிது. அடிக்கடி மாட்டும் இயந்திரத்தின் கோளாறை வேரிலேயே சரிசெய்யாமல் விட்டவர்களின் கணக்கில்தான் இதை முதலில் எழுத வேண்டும். பலகை மாட்டாத மெஷினுக்குள் யாரும் தலையை விடுவதில்லை. மாட்டிய இடத்தை வெளியிலிருந்தே பார்க்க ஒளிபுகும் கதவோ, கண்ணாடியோ, சின்னக் கேமராவோ போதும்.

மீட்பும் இங்கே தனியாகத் திட்டமிடப்பட வேண்டியது. கழுத்து மாட்டிக்கொண்டால் கிடைப்பது சில நிமிடங்கள். எந்த வால்வைத் திறந்தால் அழுத்தம் இறங்கும், எந்த போல்ட்டைக் கழற்றினால் கூண்டு பின்வாங்கும், வெட்ட வேண்டி வந்தால் கட்டர் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்த மெஷினின் பக்கத்திலேயே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். உடைக்கும் அதிகாரம் அந்த இடத்தில் நிற்பவருக்கே இருக்க வேண்டும். மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்கும் ஏற்பாடு மீட்பு ஆகாது.

கழுத்தைத் தேடி வரும் இன்னோர் ஆபத்து உடையிலும் கூந்தலிலும் இருக்கிறது. துப்பட்டா, மப்ளர், குளிருக்குச் சுற்றிய துண்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நாடா, இவற்றில் எது சுழலும் தண்டில் சுற்றினாலும் சுருக்குப் போல இறுகும். பின்னல் மாட்டினால் மண்டைத்தோலே உரிந்து வரும்; அந்தக் காயத்தைப் பார்த்த அறுவை மருத்துவர்கள் மறப்பதில்லை. தொப்பிக்குள் கூந்தலை அடக்குவதும், இழுத்தால் தானே பிரியும் நாடாவில் அட்டையைக் கோப்பதும் செலவு குறைந்த தடுப்புகள்.

இனி ஆலைக்கு வெளியே, யார்டு. இங்கே ஆபத்து மேலிருந்து வருகிறது. காயில் தூக்கும் இ.ஓ.டி. கிரேன், ஷெட்டுக்குத் தூண் நிறுத்தும் ஹைட்ரா கிரேன், கன்டெய்னர் அடுக்கும் ரீச் ஸ்டேக்கர் எல்லாமே மனிதர் தலைக்கு மேல் டன் கணக்கில் பாரத்தை நகர்த்துகின்றன. பாரம் விழுவது அரிது, ஊசலாடுவது அன்றாடம். கொக்கி பாரத்தின் நேர் மேலே இல்லாமல் சற்று விலகியிருக்கும்போது தூக்கினால், பாரம் தரையை விட்ட கணத்தில் நடுவை நோக்கி வீசி வரும். அதைக் கையால் பிடித்து நிறுத்த முயலும் ஹெல்ப்பர் அதற்கும் தூணுக்கும் நடுவே நசுங்குகிறார். பாரத்தின் ஓரத்தில் வழிநடத்தும் கயிறு கட்டி, எட்டி நின்று பிடிப்பதே முறை. ஓடும் கிரேனின் தண்டவாளத்துக்கு அருகில் ஒருவர் வேலை செய்தால் கிரேன் அவருக்கு 6 மீட்டருக்குள் வரக் கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டம் அளவு சொல்லியே எழுதியிருந்தது. ஸ்டீல் காயிலைக் கட்டிய இரும்புப் பட்டையை வெட்டும்போது அது சாட்டைபோலத் தெறித்து முகத்தையும் கழுத்தையும் கிழிக்கும். வெட்டுபவர் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்பதை மூத்த தொழிலாளிகள் சொல்லிக் கொடுத்துத்தான் புதியவர்கள் கற்கிறார்கள்.

ஹெல்மெட் எவ்வளவு தாங்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. இந்தியாவில் தொழிலக ஹெல்மெட்டுக்கான தர எண் ஐ.எஸ். 2925. ஐரோப்பியத் தரமான இ.என். 397இன்படி, 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட்டின் உச்சியில் போடுகிறார்கள். உள்ளிருக்கும் தலைமாதிரிக்குக் கடத்தப்படும் விசை 5 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. அந்த அடியின் ஆற்றல் சுமார் 49 ஜூல். அரைக் கிலோ ஸ்பேனர் 10 மீட்டர் உயர ஷெட்டின் கூரையிலிருந்து விழுந்தால், தரைக்கு வரும்போது மணிக்கு 50 கி.மீ. வேகம், ஆற்றல் அதே 49 ஜூல். ஆக, கூரையிலிருந்து விழும் ஒரு ஸ்பேனருக்கு ஹெல்மெட் சரியாகப் பொருந்துகிறது. 2 கிலோ ஷாக்கிள் அதே உயரத்திலிருந்து விழுந்தால் ஆற்றல் நான்கு மடங்கு. அப்போது ஓடு தாங்கினாலும் விசை கழுத்தெலும்பு வழியாகக் கீழே இறங்கும். கழுத்துக்கென்று ஹெல்மெட் செய்வது எதுவுமில்லை. ஒரகடத்திலேயே உள்ள ஜி.ஏ.ஆர்.சி. வாகன ஆராய்ச்சி மையத்தில் மோதல் பாதுகாப்புச் சோதனைக்கு ஆய்வகம் இருக்கிறது. அத்தகைய சோதனைகளில் பொம்மை மனிதனின் கழுத்து எவ்வளவு வளைகிறது என்றுகூட உணரிகள் அளக்கின்றன. மதில் சுவருக்கு வெளியே பாரம் தூக்கும் ஹெல்ப்பரின் கழுத்துக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை.

ஹெல்மெட்டின் உயிர் ஓட்டில் இல்லை, ஓட்டுக்கும் தலைக்கும் நடுவிலுள்ள சில சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கிறது. உள்வார்ப்பட்டை நீண்டு இழுபட்டே அடியை வாங்குகிறது. அந்த இடைவெளியில் துண்டை மடித்து வைப்பவர்களும், பீடிக்கட்டு வைப்பவர்களும் அறியாமலேயே அதைக் கெடுத்துவிடுகிறார்கள். தாடைப்பட்டை போடாவிட்டால், உயரத்திலிருந்து விழுபவரின் தலையைவிட்டு ஹெல்மெட் முதலிலேயே கழன்றுவிடும். அதே பட்டை எதிலாவது மாட்டினால் கழுத்தை நெரிக்கக் கூடாது என்பதற்காக, 15 முதல் 25 கிலோ இழுவையில் அது விட்டுவிட வேண்டும் என்றும் இ.என். 397 சொல்கிறது. மே மாத வெயிலில் தார்த்தளத்தில் நிற்பவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதைக் குற்றமாகப் பார்ப்பதைவிட, நிழலும் தண்ணீரும் இடைவேளையும் தருவது பயன் தரும்.

வண்டிகள் தனி வகை. 3 டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்டின் சொந்த எடையே 4 டன்னுக்கு மேல். பாரத்தை உயரத்தில் வைத்துக்கொண்டு வளைந்தால் அது பக்கவாட்டில் சாயும். சாயும்போது ஓட்டுநர் வெளியே குதிப்பது இயல்பு. குதிக்கும் அவரது தலைமேலோ கழுத்தின்மேலோதான் தலைக்காப்புக் கூண்டின் இரும்புச் சட்டம் வந்து விழுகிறது. சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, சாயும் பக்கத்துக்கு எதிராக உடம்பைச் சாய்த்து உள்ளேயே இருப்பவர் பிழைக்கிறார். இது உள்ளுணர்வுக்கு எதிரானது, பழகினால்தான் வரும். லாரி டயர் வேறொரு அபாயம். சிங்கப்பெருமாள்கோயில் சாலையிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் உள்ள டயர்க் கடைகளில், பல துண்டுகளாலான ரிம்மில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றேற்றும்போது லாக் ரிங் சரியாக உட்காராவிட்டால் குண்டுபோல வெடித்து எழும். குனிந்து பார்ப்பவரின் முகமும் கழுத்தும் அதன் பாதையில் இருக்கின்றன. இரும்புக் கூண்டுக்குள் சக்கரத்தை வைத்து, நீண்ட குழாயால் தள்ளி நின்று காற்றேற்றுவதே வழி. கூண்டு பல கடைகளில் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

கார் ஏற்றும் டிரெய்லர்களின் மேல்தட்டிலிருந்தும், ஷெட் கூரையிலிருந்தும் விழுவது தலைக்காயத்தின் இன்னொரு பெரிய வாசல். மக்கிய ஆஸ்பெஸ்டாஸ் தகடும், வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் தகடும் மிதித்தால் உடையும் என்பது தெரிந்தே ஒழுகலை அடைக்க மேலே ஏற்றுகிறார்கள். நடைபலகை, வலை, பாதுகாப்புக் கயிறு மூன்றும் இல்லாத இடத்தில் ஹெல்மெட் பெரிதாக உதவாது.

அடிபட்ட பின் நடப்பதில் ஏமாற்றக்கூடிய ஒரு கட்டம் உண்டு. நெற்றிப்பொட்டுக்கு அருகில் மண்டையெலும்பு மெல்லியது. அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு கீறித் தமனி கிழிந்தால், எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே இரத்தம் சேரும். அடிபட்டவர் சிறிது நேரம் மயங்கி எழுந்து, தண்ணீர் குடித்து, ‘ஒண்ணுமில்ல, பாத்துக்கலாம்’ என்பார். சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம். பிறகு ஒரு பக்கக் கண்மணி விரியும். இந்தத் தெளிவு இடைவேளை, இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி அறைக்குப் போகும் நேரத்தோடு ஒன்றிவிடுவதுதான் கொடுமை. பத்துப் பேர் தங்கும் அறையில் ஒருவர் குறட்டைவிட்டுத் தூங்குவதை யாரும் சந்தேகிப்பதில்லை. உரிய நேரத்தில் மண்டையைத் திறந்து இரத்தத்தை வெளியேற்றினால் நன்றாகப் பிழைக்கும் காயம் இது. தலையில் அடிபட்டு ஒரு நொடி நினைவு தப்பியவரையும், திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்பவரையும் வீட்டுக்கு அனுப்பாமல் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே அனுப்ப வேண்டும். அங்கே முதலில் அளப்பது 1974இல் கிளாஸ்கோவில் வகுத்த நினைவுநிலை அளவுகோல்: கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண், 8க்குக் கீழோ 8 ஆகவோ இருந்தால் கடுமையான காயம்.

கழுத்தில் ஏழு எலும்புகள். மூன்று முதல் ஐந்து வரையிலான தண்டுவட நரம்புகள் உதரவிதானத்தை இயக்குகின்றன. அதற்கு மேலே தண்டுவடம் அறுந்தால் மூச்சு நிற்கும், கீழே அறுந்தால் கைகால்கள் போகும். எலும்பு மட்டும் உடைந்து தண்டுவடம் தப்பித்திருக்கும் நிலையும் உண்டு. அப்போது கைகால்களைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவதே தண்டுவடத்தை அறுத்துவிடலாம். விழுந்தவரின் தலையை ஒருவர் இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகப் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். வாயில் சோடா ஊற்றுவதும், உட்கார வைத்துத் தட்டிக் கொடுப்பதும் கூடாது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அந்த அளவை எட்டாத வெண்டார் கம்பெனியில் அடிபட்டவருக்கு 108 ஆம்புலன்ஸ்தான் துணை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்குச் சுமார் 40 கி.மீ.; ஒரகடத்துக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில். நெடுஞ்சாலை நெரிசலில் இந்தத் தொலைவுகளின் பொருள் மாலை ஆறு மணிக்கு ஒன்று, நள்ளிரவில் வேறு.

சத்தமில்லாமல் வரும் கழுத்துக் காயமும் உண்டு. காருக்கு அடியில் நின்று அண்ணாந்து போல்ட் முடுக்குபவரும், ஷிஃப்ட் முழுவதும் குனிந்து சர்க்யூட் பலகை பார்ப்பவரும், தலையில் மூட்டை சுமப்பவரும் வருடங்கள் கழித்துக் ‘கழுத்துத் தேய்மானம்’ என்று மருந்துச் சீட்டோடு வருகிறார்கள். காரையே பக்கவாட்டில் சாய்த்துத் தரும் தாங்கிகள் இருக்கின்றன. இந்தக் காயத்துக்கு விபத்து நடந்த தேதி கிடையாது. ஆகவே எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை.

தமிழ்நாட்டில் ஆலைகளை மேற்பார்ப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு, 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் வந்துள்ளது. பழைய சட்டத்தில் 1,000 பேர் உள்ள தொழிற்சாலைக்குக் கட்டாயமாக இருந்த பாதுகாப்பு அலுவலர், புதியதில் 500 பேர் உள்ள தொழிற்சாலைக்கே கட்டாயம். கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை வாரிசுகளுக்குத் தர நீதிமன்றம் ஆணையிடலாம். இருந்தாலும் யார்டில் பாரம் தூக்குபவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள். ஆலையின் பாதுகாப்பு அலுவலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாத நிலையில் எண்ணிக்கை வரம்புகள் காகிதத்தில் நின்றுவிடுகின்றன.

இழப்பீட்டில் தலைக்காயத்துக்கு ஒரு தனித் தொல்லை இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு பொருந்தும், வேலைக்காயத்தால் வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனத்தை அளக்கும் சட்ட அட்டவணை கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு, ஆட்காட்டி விரலுக்கு 14 என்று கணுக்கணுவாக எண்ணி வைத்திருக்கிறது. மறதிக்கும், காரணமில்லாத கோபத்துக்கும், இரைச்சலில் நிற்க முடியாத தலைச்சுற்றலுக்கும் அதில் வரிசை எண் இல்லை. அவற்றை மருத்துவக் குழு ஆவணங்களைப் பார்த்தே முடிவு செய்கிறது. அடிபட்ட அன்றே விபத்தைப் பதிந்திருப்பதும், முதல் மணி நேரத்து நினைவுநிலை மதிப்பெண்ணும், முதல் ஸ்கேன் படமும் கையில் இருப்பதும் அப்போது எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. ‘லேசான அடி’ என்று பதியாமல் விட்ட காயத்துக்குப் பிறகு சான்று தேடுவது கடினம். வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இ.எஸ்.ஐ. வேலைக்காயமாக ஏற்கிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து வாலாஜாபாத் சாலையில் பைக்கில் போகும் ட்ரெய்னிக்கும் அவருடைய குடும்பத்துக்கும் இது தெரிந்திருப்பதில்லை; ஆலை வாசலில் எழுதிப் போட்டிருக்கும் பாதுகாப்புப் பலகைகளிலும் இதைக் காண்பது அரிது.